கடல் கடக்கும் கஞ்சா. கரையில் நிற்கும் சட்டம்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 'கேரளக் கஞ்சா' என்னும் பொதி அதனை ஓரிரவிற் கடந்து வருகிறது. அதை அனுப்பியவனைத் தேடிப் புறப்படும் சட்டமோ அத்தனை எளிதிற் கடப்பதில்லை. ஏன் இந்த நிலை? தென்மராட்சியின் கமக்காரரும் கற்றோரும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய வினா இது.

சட்டம் இல்லாமல் இல்லை. போதைப்பொருட் கடத்தலுக்கு எதிரான 1988 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியாவும் இலங்கையும் ஏற்றுள்ளன. வங்கி இரகசியத்தைக் காரணங்காட்டி உதவி மறுத்தலாகாது என அதன் 7 ஆம் உறுப்புரை கூறுகிறது. 1990 இல் சார்க் நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்தன. குற்றவியல் விடயங்களில் ஒருவர்க்கொருவர் உதவுவதென 2010 இல் டில்லியும் கொழும்பும் ஒப்பமிட்டன. ஏட்டிலே குறைவில்லை.

குறை எங்கே? கடலெல்லை 1974 இல் வரையப்பட்டது. துரத்தப்படுபவன் தன் நாட்டுக் கடலுட் புகுந்தவுடன் துரத்தும் உரிமை அற்றுப்போகும் என்பது 1982 ஆம் ஆண்டின் கடற்சட்ட உடன்படிக்கை. நாட்டின் இறைமையைக் காக்க அவ்விதி வேண்டியதே. ஆயின் அக்கணமே மறுபுறத்தில் அவனை மறித்துப் பிடிக்க ஆள் வேண்டாமா?

அடுத்தது கடிதம் செல்லும் வழி. தமிழ்நாட்டிலுள்ள ஒரு வங்கிக் கணக்கு இங்கு சான்றாக வேண்டுமாயின், 2002 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டப்படி வேண்டுகோள் கொழும்பில் நீதியமைச்சின் செயலாளரிடம் சென்று, டில்லி உள்துறை அமைச்சை அடைந்து, பின்னரே சென்னைக்கு இறங்கவேண்டும். விடையும் அவ்வழியே திரும்பவேண்டும். அதற்குள் முதல் போட்டவன் கணக்கை மூடிவிடுவான். கூண்டில் நிற்பவன் கூலிக்குப் படகோட்டியவனே!

தூக்குமரம் தீர்வாகும் என்பார் உளர். 1984 முதல் சில போதைப்பொருட்களின் கடத்தலுக்கு மரணதண்டனை சட்டத்தில் உண்டு; கடத்தல் நின்றதா? மேலும், தூக்குத் தண்டனையை ஒழித்த நாடுகள், தூக்கு விதிக்கப்படாதென்ற உறுதியின்றிச் சந்தேகநபரை ஒப்படைக்கத் தயங்குகின்றன. கடுமையே ஒத்துழைப்புக்குத் தடையாகிவிடுகிறது.

2014 ஒக்டோபர் 30 இல், ஹெரோயின் வழக்கொன்றில் தமிழக மீனவர் ஐவர்க்கும் இலங்கையர் மூவர்க்கும் கொழும்பு மேல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. தமிழகம் கொதித்தது, இரு தலைநகரங்களும் பேசின, மூன்று வாரத்துள் அந்த ஐவரும் விடுதலையாயினர். உயிர்கள் தப்பியமை நன்றே. ஆனால் நாம் கேட்கிறோம்: மனம் வைத்தால் மூன்று வாரத்தில் வழி காணும் அரசுகளுக்கு, ஒரு சான்றுக் கடிதத்தை விரைவுபடுத்த வழி தெரியாதா?

யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. சென்னையில் இலங்கையின் துணை உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. இரண்டிலும் இப்பணிக்கென அதிகாரமுள்ள அலுவலர் ஒருவரை நிறுத்துக. இரு கரைகளின் படகுப் பதிவேடுகளையும் பரிமாறுக. வலை வீசுபவனையும் பொதி கடத்துபவனையும் ஒரே கண்ணால் நோக்காதிருக்க.

இவற்றைப் பாராளுமன்றத்தில் எழுப்புவது நம் பிரதிநிதிகளின் கடன். எழுப்பச் செய்வது, தோட்டத்திலும் அலுவலகத்திலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கும் நம் ஒவ்வொருவரின் கடன்.