மறுத்தற்கும் முறை உண்டு

அண்மையில் ஒரு திருமணப் பந்தியில் கண்டது இது. நீரிழிவு நோயுற்ற பெரியவர் ஒருவரின் இலையருகே இனிப்பொடு வந்து நின்றான் ஓர் இளைஞன். அவர் அவனை ஏறிட்டும் பாராமல், "நோ, நோ, தேங்க்ஸ்" என்று கையை வீசினார். மலர்ந்த முகத்தோடு வந்தவன் முகஞ்சுருங்கி நகர்ந்தான். அடுத்த இலையில் ஒரு மூதாட்டியார். அவர்க்கும் அதே நோய்தான். அவரோ இலைமேல் கையை மெல்ல விரித்து, "போதும் தம்பி, வயிறு நிறைந்துவிட்டது, எதிரே பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்குப் போடு" என்றார். இளைஞன் சிரித்துக்கொண்டே சென்றான்.

மறுக்கப்பெற்ற பண்டம் ஒன்றே. ஆயின், மூதாட்டியார் பண்டத்தை மட்டும் மறுத்தார். பெரியவரோ அதனைக் கொணர்ந்தவனின் அன்பையும் சேர்த்து மறுத்துவிட்டார். அயன்மொழிச் சொல்லை நாவில் ஏற்றிக்கொண்டவர்கள் தம் வீட்டு வழக்கை இழந்து நிற்கும் நிலை இது.

இரப்பவன் தன்னினும் உயர்ந்தோனிடத்து 'ஈ' என்றும், ஒத்தோனிடத்துத் 'தா' என்றும், தாழ்ந்தோனிடத்துக் 'கொடு' என்றும் கூறவேண்டும் என்று வரையறுத்தது தொல்காப்பியம். கேட்கும் சொல்லையே இவ்வாறு அளந்து வைத்த இனத்துக்கு, மறுக்கும் சொல் மட்டும் கிடையாதா? 'போதும்', 'நிறைந்தது', 'இன்னொரு நாள் வந்து உண்பேன்' என்பன எல்லாம் எவர் உள்ளத்தையும் புண்படுத்தாமல் மறுக்கும் சொற்களே.

விருந்தோம்புவார்க்கும் ஒரு சொல். 'போதும்' என்றவரின் இலையில் மேலும் கொட்டுவது விருந்தோம்பல் ஆகாது. அது நோயுற்றவர்க்கு ஊறு. உழவன் விளைத்த உணவுக்கும் இழுக்கு.

ஆயினும், மென்மையாக மறுப்பது மட்டுமே தமிழர் முறை என்று கருதிவிடுதல் கூடாது. தன்னை நேரிற் காணாமலேயே அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்றாரில்லை. தாம் பொருளுக்காகப் பாடும் வணிகர் அல்லர் என்றும், தகுதியறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் இனிது என்றும் அவர் விடுத்த மறுமொழியைப் புறநானூற்றின் 208ஆம் பாட்டில் காணலாம். அன்பொடு தருவதை மறுக்குங்கால் மென்மை வேண்டும். மதிப்பின்றித் தருவதை மறுக்குங்கால் உறுதி வேண்டும்.

இன்று நாம் செய்வதோ நேர்மாறு. அன்போடு நீட்டும் இனிப்பைக் கடுகடுத்து மறுக்கிறோம். ஒப்போலைக்கு நீட்டும் பணத்தையும், அலுவலகத்துக் கையூட்டையும் புன்னகையோடு வாங்கிக்கொள்கிறோம். மணக்கொடையைத் தடுக்கும் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது; வாங்கும் கைகள் இன்னும் மடங்கவில்லை.

தமிழ் இளைஞர்களே! பந்தியில் 'போதும்' என்று கனிவாகச் சொல்லுங்கள். பெண்வீட்டார் பொன்னும் பொருளும் நீட்டும்போது 'வேண்டா' என்று அழுத்தமாகச் சொல்லுங்கள். இரண்டும் நம் தாய்மொழிச் சொற்களே. எதனை எங்குச் சொல்வது என்று அறிவதே பண்பு.