நீதியைப் பறித்த கும்பல்

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நீதி கேட்டால், ஊரே உடன் நின்று கேட்க வேண்டும். 2022 ஜூலையில் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், தனியார் பள்ளி விடுதியில் பிளஸ் டூ மாணவி இறந்தபோது தமிழ்நாடே அப்படித்தான் கேட்டது.

ஜூலை 17-ம் தேதி அந்தக் குரலை ஒரு கும்பல் பறித்துக்கொண்டது. நீதி கேட்கவென்று வாட்ஸ்அப் வழியே அழைத்துத் திரட்டிய கூட்டத்துக்குள் கல்லும் தீயும் புகுந்தன. பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. போலீஸார் காயமடைந்தார்கள். மாணவர்களின் சான்றிதழ்கள் சாம்பலாயின. வகுப்பறை மேசை நாற்காலிகளைக்கூடச் சிலர் தூக்கிப் போனார்கள். அவற்றைத் திருப்பித் தரச் சொல்லி, பிறகு தண்டோரா போட வேண்டியிருந்தது. இது திடீர் ஆத்திரமாகத் தெரியவில்லை, திட்டமிட்டதுபோல இருக்கிறது என்று மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்தது.

எரிந்த பேருந்துக்கு ஈடாக வேறொன்று வாங்கிவிடலாம். பெயர் கெட்டுப்போன ‘நீதி’ என்ற சொல்லுக்கு ஈடு ஏது? ‘நீதி வேண்டும்’ என்று நியாயமாகப் பதாகை பிடிப்பவரையும் கலவரக்காரராகப் பார்க்கக் காவல்துறைக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று வீட்டுப் பெரியவர்கள் பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். ஆள்பலமும் பணபலமும் இல்லாத ஏழைக்கு இருக்கும் ஒரே பற்றுக்கோடு அந்தச் சொல்தான். நஷ்டம் முழுக்க அவருக்கே.

வன்முறையாளர்கள் கையில் சிக்கிய சொல் எதுவரை போகும் என்பதை ஈழத்தில் பார்த்தோம். அங்கே சிக்கியது ‘துரோகி’ என்ற சொல். 1975-ல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா அந்த முத்திரையோடு சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழருக்கு அதிகாரப் பகிர்வு வேண்டி அரசியல் சட்டத் தீர்வுக்கு உழைத்த நீலன் திருச்செல்வமும் 1999-ல் அதே முத்திரையோடு கொழும்பில் கொல்லப்பட்டார். ஒருவரைத் துரோகி என்று சொல்லிவிட்டால் போதும். கொலைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. மாற்றுக் கருத்து சொல்ல நினைத்தவர்கள் வாய்மூடிப் போனார்கள்.

கலவரத்துக்கு அஞ்சி நல்ல சொற்களைக் கும்பல்களிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது. கல்லெறிந்தவரையும் கோரிக்கை வைத்தவரையும் காவல்துறை பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு மரணத்தின் உண்மையைத் தாமதமின்றி மக்கள் முன் வைப்பது அரசின் கடமை. வதந்திக்கு இடம் கொடுப்பதே அந்தத் தாமதம்தான். நீதியின் பெயரால் யார் அழைத்தாலும், எங்கே கூடுகிறோம், யார் பொறுப்பு, என்ன கேட்கப்போகிறோம் என்று முதலில் விசாரியுங்கள். பதில் சொல்லத் தயங்குபவர் பின்னால் ஓரடிகூட எடுத்து வைக்காதீர்கள்.