கெமிஸ்ட்ரி அக்காவும் பாயின்டர் பூதமும்!

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல நடந்த ஒரு பரீட்சையைச் சொல்றேன். எழுதினது நான். கேள்வி கேட்டது எங்க தெரு அக்கா.

காலை ஏழேகால். திருச்சி பஸ்ஸுக்கு வெயிட்டிங். "தம்பி, நீ இன்ஜினீயரிங்தானே? பாயின்டர்னா என்னடா?"ன்னு அக்கா கேட்டுச்சு. நான் மூணாவது வருஷம் மெக்கானிக்கல். சி லாங்வேஜை முதல் வருஷத்துலேயே படிச்சு, பாஸாகி, மறந்து... மூணு வேலையையும் ஒழுங்கா முடிச்சவன். திருதிருன்னு முழிச்சேன்.

அப்புறம்தான் ஐடியா வந்துச்சு. "அக்கா, உங்க வீட்டுல சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வெச்சிருக்கீங்கல்ல? வெங்காயம்தான் வேல்யூ. 'தெக்கால வயல்ல மூணாவது பட்டறை'ன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சா, அந்தச் சீட்டுதான் பாயின்டர். சீட்டுல வெங்காயம் இருக்காது. வெங்காயம் இருக்குற இடம்தான் இருக்கும்!" அக்கா முகத்துல பல்ப் எரிஞ்சுது. அடுத்த நிமிஷமே அணைஞ்சுது. "இதை யாராவது இன்டர்னலுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம். 50-க்கு 9 மார்க்."

அக்கா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சவங்க. இப்போ வெளியூர் காலேஜ் ஒண்ணுல எம்.சி.ஏ. முதல் செமஸ்டர். அரியலூர் சிமென்ட் ஆலையில லேப் வேலைக்கு முயற்சி பண்ணு, இல்லைன்னா பி.எட். முடிச்சு டீச்சர் ஆகுன்னு சொந்தக்காரங்க எல்லாம் சொன்னதை மீறிச் சேர்ந்துட்டாங்க. அப்பா போட்ட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு: "ரெண்டே வருஷம்தான் தாயி. அதுக்கப்புறம் தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டணும்." இப்போ பக்கத்து சீட்டுல பி.சி.ஏ. முடிச்ச பொண்ணு கீபோர்டைப் பார்க்காமலே புரோகிராம் அடிக்குது. "டி.சி. வாங்கிட்டு வந்துடலாமான்னு இருக்குடா"ன்னு சொன்னப்போ அக்காவுக்குக் குரல் உடைஞ்சுடுச்சு.

இது அக்காவோட தப்பு மட்டும் இல்லைங்க. மேட்டர் இங்கதான் இருக்கு.

எம்.சி.ஏ. ரொம்ப காலமா 3 வருஷப் படிப்பு. முதல் வருஷம் 'அ, ஆ'வுல இருந்து ஆரம்பிப்பாங்க. பி.எஸ்சி. மேத்ஸ், பிசிக்ஸ், பி.காம்.னு எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் மூச்சு விட டைம் கிடைக்கும். பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்க லேட்டரல் என்ட்ரியில நேரா ரெண்டாவது வருஷத்துல வந்து உட்காருவாங்க. 2020-21-ல ஏ.ஐ.சி.டி.இ. இதை 2 வருஷமா மாத்திடுச்சு. ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம், சந்தோஷம்தான். ஆனா, வெட்டுப்பட்டது நம்மளை மாதிரி வேற பாடத்துல இருந்து வர்றவங்களோட முதல் வருஷம்! அதுக்குப் பதிலா வந்ததுதான் 'பிரிட்ஜ் கோர்ஸ்'. இது எத்தனை பேப்பர், எப்போ நடத்துவாங்கங்கிறது யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி மாறும். ஸோ, காலேஜைத் தேடும்போது "கேன்டீன் எப்படி?"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "பிரிட்ஜ் கோர்ஸ் எப்படி?"ன்னு கேளுங்க. அங்கே படிக்கிற வேற மேஜர் சீனியர் ஒருத்தரைப் பிடிச்சுக் கேட்டா உண்மை வரும்.

யாரெல்லாம் சேரலாம்? டிகிரியில 50 சதவிகிதம் (ரிசர்வேஷன் பிரிவுக்கு 45) மார்க் வேணும். பிளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு படிச்சிருந்தா பிரச்னையே இல்லை. கணக்கே படிக்கலைன்னா? அவங்களுக்கும் பிரிட்ஜ் கோர்ஸ் வெச்சு வழிவிடலாம்னு ஏ.ஐ.சி.டி.இ. பின்னாடி இறங்கி வந்துச்சு. ஆனா, நீங்க சேரப்போற யுனிவர்சிட்டி அதை ஏத்துக்குதான்னு அந்தந்த வருஷத்துக் கையேட்டைப் பார்த்துட்டு அப்ளை பண்ணுங்க.

நம்ம ஊர்ல நுழைவாயில், அண்ணா யுனிவர்சிட்டி நடத்துற டான்செட். கணக்கு, லாஜிக், கம்ப்யூட்டர் அறிவுன்னு கேட்பாங்க. தப்பான விடைக்கு மார்க் குறையும், குருட்டாம்போக்குல அடிக்காதீங்க. கவுன்சலிங்கை கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்திட்டு வருது. நம்ம பக்கத்துத் திருச்சி என்.ஐ.டி. மேல ஆசையா? அதுக்கு 'நிம்செட்'னு தனி எக்ஸாம். டிகிரியில கணக்கோ புள்ளியியலோ படிச்சிருக்கணும், கேள்வித்தாள்லயும் கணக்கு ராஜ்ஜியம்தான்.

'வேற பாடம் படிச்சவனை ஐ.டி. சேர்த்துக்குமா?'ன்னு ஒரு பயம் இருக்கும். ரொம்ப நாளாவே சேர்த்துக்குது பாஸ்! விப்ரோ 1995-லேயே பி.எஸ்சி. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, பிட்ஸ் பிலானி மூலமா எம்.எஸ். படிக்க வெச்சுது. 2000-கள்ல டி.சி.எஸ்., 'இக்னைட்'னு பேர் வெச்சு சென்னையில சயின்ஸ் பட்டதாரிகளுக்கு டிரெயினிங் கொடுத்துச்சு. இங்கிலாந்துல இந்த மாதிரி படிப்புக்குப் பேரே 'கன்வெர்ஷன் கோர்ஸ்'தான். வேற துறை ஆட்களை ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் பக்கம் இழுக்க 2020-ல அங்கே 2,500 சீட் திட்டம் போட்டு, 1,000 பேருக்குத் தலா 10,000 பவுண்டு ஸ்காலர்ஷிப்பும் அறிவிச்சாங்க.

ஆனா, காசு கட்டுறதுக்கு முன்னாடி இன்னொரு பக்கத்தையும் பாருங்க. இன்ஃபோசிஸ் 2022-23-ல சுமார் 50,000 ஃப்ரெஷர்களை எடுத்துச்சு. அடுத்த வருஷமே அது சுமார் 11,900 ஆகிடுச்சு. 'எம்.சி.ஏ. போட்டா வேலை'ங்கிற கணக்கு எல்லா வருஷமும் ஒர்க்அவுட் ஆகாது. கையில சரக்கு இருக்கணும்.

ஸோ, நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பிரிட்ஜை காலேஜ் கட்டும்னு காத்திருக்காதீங்க. டிகிரி ஃபைனல் இயர்லயே நீங்க கட்ட ஆரம்பிங்க.

* என்.பி.டி.இ.எல்.-ல ஐ.ஐ.டி. பேராசிரியர்களோட பாடங்கள் இலவசம். பரீட்சை எழுதினா மட்டும்தான் ஃபீஸ். சி அல்லது பைத்தான், ரெண்டுல ஒண்ணை எடுத்து முழுசா முடிங்க.

* லேப்டாப் இல்லையா? காலேஜ் லேப்ல சாயங்காலம் ஒரு மணி நேரம் அனுமதி கேளுங்க. தினமும் ஒரு சின்ன புரோகிராம். பார்த்து அடிக்காம, யோசிச்சு அடிக்கணும்.

* ரெண்டு மாசம் இப்படிச் செஞ்சும் எரிச்சல் மட்டும்தான் வருதா? அப்போ எம்.எஸ்சி.யோ பி.எட்.டோ போறது தோல்வி இல்லை. ரெண்டு மாசத்துல தெரிஞ்சுக்கிறது, ரெண்டு வருஷ ஃபீஸ் கட்டித் தெரிஞ்சுக்கிறதைவிட லாபம்.

* பழைய மேஜரைத் தூக்கிப் போடாதீங்க. பி.காம். ஆளுக்கு அக்கவுன்ட்ஸ் தெரியும். தமிழ் இலக்கியம் படிச்சவருக்கு இலக்கணம் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லித் தர அது வேணும். வெறும் புரோகிராம் மட்டும் தெரிஞ்சவர்கிட்ட இது கிடைக்காது.

அக்கா என்னாச்சு? டி.சி. வாங்கலை. திருச்சி பஸ்ல ஒரு மணி நேரம் பாடம் நடந்துச்சு. மறந்துபோன சி-யை நானும் ராத்திரி உட்கார்ந்து தூசி தட்டுறேன். அந்த பி.சி.ஏ. பொண்ணுகிட்டயும் வெட்கப்படாம சந்தேகம் கேட்க ஆரம்பிச்சிட்டாங்க.

நேத்து அக்காகிட்ட இருந்து போன். மினி புராஜெக்ட்டுக்கு கெமிஸ்ட்ரி லேப் ஸ்டாக் ரெஜிஸ்டரை டேட்டாபேஸா செய்றாங்களாம். எந்த ஆசிட்டை எது பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு கிளாஸ்லேயே அக்காவுக்கு மட்டும்தான் தெரியுது! அந்த பி.சி.ஏ. பொண்ணே பார்ட்னரா சேர்ந்துக்கிச்சாம். ரெண்டாவது இன்டர்னல் மார்க்? 50-க்கு 27. ஆஹா ஓஹோ இல்லை. ஆனா, 9-க்கு மூணு மடங்கு!

பாயின்டர் இப்போ சரியான இடத்தைக் காட்டுதுன்னு நினைக்கிறேன். அடுத்த வாரம் மீட் பண்ணலாம். டாட்டா!