பக்கத்திலேயே ஒரு பள்ளி

குழந்தைகளே, ருவைஸில் பள்ளிப் பேருந்து வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ஏறினால் உள்ளே குளுகுளுன்னு ஏசி இருக்கும். நானும் வெளிநாட்டில் பேருந்தில்தான் பள்ளிக்குப் போனேன்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகள் பலர் நடந்துதான் போகிறார்கள். அதனால், 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள், முதல் ஐந்து வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டும் என்கின்றன.

ஆனால் சில ஊர்ப் பள்ளிகளில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறார். "இதை மூடிட்டு, பிள்ளைகளைப் பெரிய பள்ளிக்கு அனுப்பலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே ஆசிரியர்கள் அதிகம், நண்பர்களும் அதிகம். அது உண்மைதான்.

ஆனால் ஆறு வயதுப் பிள்ளை வெயிலிலும் மழையிலும் 3 கிலோமீட்டர் எப்படி நடக்கும்? கொஞ்ச நாளில் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிடலாம். தினமும் வண்டி விட முடிந்தால் சரி. முடியாவிட்டால், ஐந்தே பிள்ளைகள் இருந்தாலும் அந்தப் பள்ளியை மூடக் கூடாது. இன்னொரு ஆசிரியரை அங்கே அனுப்ப வேண்டும். இது என் கருத்து.

நீங்க என்ன நினைக்கிறீங்க? வகுப்பில் சொல்லுங்க.