ஹேண்டில் கனக்குதா? கையைக் குறை சொல்லாதே!

"ஸ்டியரிங் ஹார்டா இருக்குன்னு ஒரு வண்டி வருது. என்னப்பா பண்ணுவே?"

போன செமஸ்டர் வைவாவில் எக்ஸ்டர்னல் என்னிடம் கேட்ட கேள்வி இது. நான் யோசிக்கவே இல்லை. "பவர் ஸ்டியரிங் போட்டுடலாம் சார்!" என்றேன். அவரும் தலையை ஆட்டினார். மார்க்கும் விழுந்துவிட்டது.

அன்புத் தோழர்களே, அந்தப் பதில் தப்பு! அதை எனக்குப் புரிய வைத்தது நம் டெக்ஸ்ட் புக் அல்ல. நம்மில் முக்கால்வாசிப் பேர் சினிமாவில் மட்டுமே பார்த்திருக்கும் ஒரு வண்டி. பெயர் ஸ்னோமொபைல்.

பனி மேல் ஓடுகிற மோட்டார் வண்டி. சக்கரமே கிடையாது. அடியில் அகலமான ஒரு ரப்பர் டிராக் சுழன்று வண்டியைத் தள்ளும். முன்னால் இரண்டு ஸ்கீ, அதாவது சறுக்குப் பலகைகள். ஹேண்டிலைத் திருப்பினால் ஸ்கீ திரும்பும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற ஊர்க்காரர் பொம்பார்டியர், 1959-ல் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் சின்ன வண்டியை விற்க ஆரம்பித்த பிறகுதான் இது பெரிதாகப் பரவியது. நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. குல்மார்க்கில் டூரிஸ்டுகள் ஏறிச் சுற்றுகிறார்கள். சியாச்சினில் நம் ராணுவம் வைத்திருக்கிறது.

இதில் மலை ஏறுவதற்கென்றே ஒரு ரகம் உண்டு. டிராக்கின் நீளம் 154 அங்குலம், 163 அங்குலம் என்று போகும். அதில் இரண்டரை, மூன்று அங்குல உயரத்துக்குப் பற்கள். வண்டி எடை சுமார் 200 கிலோ. நம் காலேஜில் மெக்கானிக்கல் முடித்த எங்கள் தெரு அண்ணன் ஒருவர், கனடாவில் ரெவல்ஸ்டோக் என்ற மலை ஊர்ப் பக்கம் இந்த வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறார். போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

ஒரு பெண்மணி. எடை 55 கிலோ இருப்பாராம். செகண்ட் ஹேண்டில் ஒரு மலை வண்டி வாங்கியிருக்கிறார். ஹேண்டில் கல்லு மாதிரி! மலை அடிவாரம் வரை கெட்டிப் பனிப் பாதை. அதைத் தாண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். வாங்கின கடையில் போய்ச் சொன்னதற்கு, "வண்டி நல்லாத்தாம்மா இருக்கு, உங்க கைக்குத்தான் பலம் பத்தலை" என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் மரங்களுக்கு நடுவே சரிவில் குறுக்காகப் போகும்போது ஹேண்டிலை நேரத்துக்குத் திருப்ப முடியவில்லை. வண்டி நேராக ஒரு மரத்தைப் பார்த்துப் போயிருக்கிறது. அவர் குதித்துத் தப்பினார். வண்டியின் முன்பக்கம் காலி. அப்படித்தான் அது எங்க அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது.

"கைக்குப் பலம் பத்தலை." இந்த வசனத்தை நாமும் கேட்டிருக்கிறோமே! முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் நம் வகுப்புத் தோழி ஒருத்திக்கு ஃபைலிங் சரியாக வரவில்லை. "பொண்ணுக்கு எதுக்கும்மா மெக்கானிக்கல்?" என்று ஒரு குரல். வைஸின் தாடை முழங்கை உயரத்தில் இருக்கணும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. அவளுக்கோ அது நெஞ்சு உயரத்தில் இருந்தது. காலடியில் ஒரு மரப்பலகை போட்டு நின்றாள், ஃபைல் ஓடியது. அவள் கையும் அதே கை, ஃபைலும் அதே ஃபைல்.

சரி, வண்டிக்கு வருவோம். அண்ணன் முதலில் செய்தது என்ன தெரியுமா? முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஸ்கீ இரண்டும் அந்தரத்தில் இருக்க, ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார். அப்போதும் கனத்தால் கோளாறு உராய்வில் இருக்கிறது. புஷ் காய்ந்திருக்கும், ஸ்டியரிங் தண்டு வளைந்திருக்கும், அல்லது எஞ்சின் சூட்டில் உருகிய பனி மறுபடி உறைந்து ராடுகளைப் பிடித்திருக்கும். இந்த வண்டி மரத்தில் மோதியது வேறு. அதனால் வளைந்த பாகங்களை மாற்றிவிட்டுத்தான் இந்தச் சோதனை. அந்தரத்தில் ஹேண்டில் பஞ்சு மாதிரி திரும்பியது. தரையில் இறக்கினால் மறுபடி கல்! அப்படியானால் கனம் தரையிலிருந்து வருகிறது. ஐந்து நிமிஷச் சோதனை, செலவு பூஜ்யம். அந்தக் கடைக்காரர் இதைக்கூடச் செய்யவில்லை.

இனிமேல் நம் அப்ளைடு மெக்கானிக்ஸ்தான். வண்டியும் ஆளும் சேர்ந்த எடை இறங்குவதற்கு இரண்டே இடம்: டிராக், ஸ்கீ. டிராக் வாங்காததை ஸ்கீ வாங்கியே ஆகணும். ஸ்கீ மேல் எவ்வளவு எடையோ அவ்வளவுக்குப் பனியின் எதிர்ப்பு. சைக்கிள் ஹேண்டிலில் அரிசி மூட்டையை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதையே பின் கேரியரில் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அந்த வண்டியின் பழைய ஓனர் ஆள் ரொம்பப் பெரியவராம். தன் எடைக்குத் தகுந்தபடி பின் ஸ்பிரிங்கை நன்றாக முறுக்கி வைத்திருக்கிறார். 55 கிலோ ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் இறங்கவே இறங்காது. பின்பக்கம் தூக்கி நின்றால் மூக்கு குனியும், எடை ஸ்கீக்கு ஓடும். அதோடு விட்டாரா? டிராக்குக்குள்ளே இருக்கிற சஸ்பென்ஷனின் முன் ஆர்ம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டிப் பிடிக்க லிமிட்டர் ஸ்ட்ராப் என்று ஒரு பட்டை உண்டு. செங்குத்தாக ஏறும்போது வண்டி மூக்கைத் தூக்காமல் இருக்க அதையும் இழுத்துக் கட்டியிருக்கிறார். ஸ்கீ இன்னும் அழுந்தியது. அதற்கும் மேலே, ஸ்கீயின் அடியில் ஐஸைக் கடித்துப் பிடிக்கும் கார்பைடு பட்டை. அதிலும் நீளமானதாகப் பார்த்துப் போட்டிருக்கிறார். அவருக்கு அதெல்லாம் சரி. இந்த அம்மாவுக்கு எல்லாமே தப்பு.

அண்ணன் பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். ஸ்ட்ராப்பை ஒரு துளை விட்டார். ஸ்கீ ஸ்பிரிங்கின் முறுக்கையும் கொஞ்சம் குறைத்தார். முன் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் முன்பக்க எடை எப்படிக் குறையும் என்று நானும் குழம்பினேன். ஸ்கீ தரையை அழுத்துவதே அந்த ஸ்பிரிங் தள்ளுவதால்தானே! அதன் தள்ளல் குறைந்தால் பாக்கி எடையை டிராக் ஏற்றுக்கொள்கிறது. கடைசியாக, நீளக் கார்பைடைக் கழற்றிவிட்டுச் சின்னதைப் போட்டார். புதிதாக வாங்கினது அது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றி, ஹேண்டில் நுனியில் ஸ்பிரிங் பாலன்ஸ் மாட்டி இழுத்து, குறித்துக்கொண்டே வந்தாராம்.

இன்னொரு சமாச்சாரம் டிரெயில். லேடீஸ் ஹாஸ்டல் வாசலில் இரண்டு கையையும் விட்டு சைக்கிள் ஓட்டுகிற வீரர்களே, உங்களைக் காப்பாற்றுவதில் அதற்கும் பங்கு உண்டு! ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் டயர் தொடுகிறது அல்லவா, அந்த இடைவெளிதான். ஸ்கீயிலும் அதே கணக்கு. இடைவெளி கூடினால் வண்டி நேராகப் போகும், ஹேண்டில் கனக்கும். சில ஸ்கீகளில் போல்ட் மாட்ட ஒன்றுக்கு மேல் துளை இருக்கும். ஸ்கீயைக் கொஞ்சம் முன்னே தள்ளி மாட்டினால் லேசாகும். ரொம்பத் தள்ளினால் வண்டி இப்படியும் அப்படியும் அலைபாயும். அண்ணன் அதைத் தொடவில்லை, தேவைப்படவும் இல்லை.

எல்லாம் லேசாக்கிக்கொண்டே போகலாமா என்றால் அதுவும் ஆபத்துதான். ஸ்கீயில் எடையே இல்லாவிட்டால் கெட்டிப் பனியில் ஹேண்டில் திரும்பும், வண்டி திரும்பாது! ஏற்றத்தில் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓட்டுகிற ஆளின் எடை, அவர் போகும் பாதை இரண்டையும் கேட்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது என்கிறார் அண்ணன். சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப்பக்கக் கால்பலகையில் நின்று, ஹேண்டிலைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி, வண்டியை மேட்டுப்பக்கம் சாய்த்துத்தான் ஓட்டுவார்களாம். நொடிக்கு நொடி சின்னச் சின்னத் திருத்தம் வேண்டும். ஹேண்டில் கனத்தால் அந்தத் திருத்தம் லேட்டாகும். மரம் காத்திருக்காது.

பவர் ஸ்டியரிங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யமஹா தன் 2011 மாடல் ஏபெக்ஸில் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் கொண்டுவந்தது. ஸ்னோமொபைலில் அதுதான் முதல். கனமான ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை முன்னால் வைத்துக்கொண்டு கெட்டிப் பாதையில் நாள் முழுக்க ஓடும் வண்டிக்கு அது நியாயம். மலை வண்டி அப்படியா? எடையைக் குறைப்பதற்காகவே பேட்டரி இல்லாமல், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற மாடல்கள் இதில் நிறைய. அதில் மோட்டாரை ஏற்றினால் அதற்குக் கரண்ட் யார் கொடுப்பது? அது மட்டுமல்ல, எடை தப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பதை மோட்டார் மறைத்துவிடும், சரி செய்யாது.

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்ச் பிராஜெக்ட்டும் பவர் ஸ்டியரிங் மாடல்தான். டவுனில் ஒரு பிராஜெக்ட் சென்டரில் நாலு பேர் காசு போட்டு ரெடிமேடாக வாங்கினோம். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் திறந்து பார்த்ததில்லை. ரிப்போர்ட்டில் 'டிரைவரின் முயற்சி குறைகிறது' என்று எழுதினோம். எவ்வளவிலிருந்து எவ்வளவாக? அளந்தால்தானே தெரியும்!

ஃபிசிக்ஸ் லேபில் இரண்டு ஸ்பிரிங் பாலன்ஸ் இருக்கிறது. ஒன்றில் முள் சிக்கிக்கொண்டது. இன்னொன்று நன்றாக வேலை செய்கிறது. லேப் அட்டெண்டர் அண்ணனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கலாம். ஆட்டோ ஷெட்டில் நிற்கிறதே பழைய ஜீப், அதன் ஸ்டியரிங்கை இரண்டு பேர் சேர்ந்துதான் திருப்புகிறோம். எக்ஸாம் முடிகிற முதல் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நான் ஜாக்கியோடு அங்கே இருப்பேன். முதலில் முன் சக்கரங்களைத் தூக்கிப் பார்க்கணும்.