ஐயாவின் பலாப் பெட்டி

இவ்வாரம் ஒரு பழம்பெட்டியைப் பற்றி எழுதப் புகுகிறேன். பெட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் எண்ணிவிட வேண்டாம். சில பெட்டிகளுக்குள் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கிக் கிடக்கும்.

என் ஐயா சுருட்டு வியாபாரி. தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக்கடைகள் ஒருகாலத்தில் பெயர் பெற்று விளங்கியதைப் பெரியவர்கள் அறிவார்கள். குடிலிலே தொங்கவிட்டுப் பொச்சு மூட்டிப் புகை காட்டிய இலையைக் கோடாவிலே பதப்படுத்தி, கைதேர்ந்தவர்கள் சுற்றிய சுருட்டு அது. 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நமது 'சுருட்டு' என்பதிலிருந்து பிறந்ததுதான். 1887இல் வெளிவந்த முதலாவது ஷெர்லொக் ஹோம்ஸ் கதையிலே, துப்பறிபவர் சாம்பலைப் பார்த்தே இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். நம்மவர் சுருட்டின் கீர்த்தி அத்தகையது.

1983 யூலையில் ஐயாவின் கடை எரிந்தது. நான் அப்போது கைக்குழந்தை. பக்கத்துப் பேக்கரி முதலாளி, சிங்களவர், எங்களை மாமூட்டைகளுக்கு நடுவிலே இரண்டு நாள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். எரிகிற கடையிலிருந்து அவர் இழுத்தெடுத்த ஒரே பொருள் சுருட்டுக்கட்டுகள் வைக்கும் பலாமரப் பெட்டி. நாங்கள் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பல ஆண்டுகளின் பின் வத்தளையிலே குடியேறியபோது, அம்மனிதர் பாண் ஏற்றும் வண்டியிலே அப்பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். ஒரு மூலை கருகியிருந்தது. அது தவிர யாதொரு பழுதும் இல்லை.

அன்று தொட்டுச் சித்திரைப் புத்தாண்டு தோறும் அவர் வருவார், கையிலே கொக்கிஸ் பொதியுடன். ஐயா அவருக்கு ஒரு கட்டு யாழ்ப்பாணச் சுருட்டுக் கொடுப்பார். மூன்றாண்டுகளுக்கு முன் அவ்வாறு கொடுத்த கட்டைப் பிரித்தபோது, சுருட்டெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வந்தவர் சிரித்து மழுப்பினார். ஐயாவோ அன்றிரவு சாப்பிடவில்லை. "என்ரை கடையிலை ஒருநாளும் பூஞ்சணம் பிடிச்சதில்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்த அவமானத்தைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. பெட்டியோ அப்போது சேலைகளும் பூச்சியுருண்டைகளும் நிறைந்து அம்மாவின் ஆட்சியிலே இருந்தது. அதனை மீட்டு, மேல்நாட்டார் 'ஹியூமிடோர்' என்று அழைக்கும் ஈரங்காக்கும் சுருட்டுப் பெட்டியாக மாற்றத் துணிந்தேன். ஆங்கிலக் கைந்நூலொன்றைப் படித்து அதிலே கண்டவாறே செய்தேன். உட்புறத்தை நீரால் துடைத்தேன். நனைத்த பஞ்சு ஒன்றையும் மூலையிலே வைத்தேன். பத்தே நாளில் முன்னையிலும் மோசமாகப் பூஞ்சணம் பூத்தது!

ஐயா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஏற்கெனவே நனைஞ்சு கிடக்கிற ஊருக்கு நீ தண்ணி வார்க்கிறியோ?" என்றார்.

கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு அப்போதுதான் புத்தி தெளிந்தது. சுருட்டுக்கு உகந்தது நூற்றுக்கு 65 முதல் 70 வரையிலான ஈரப்பதன். குளிர்நாடுகளிலே வீட்டைச் சூடாக்கும்போது காற்று மிகவும் உலர்ந்துவிடும். சுருட்டு வெடித்து உதிரும். ஆதலால் அங்கே பெட்டியின் தொழில் ஈரம் ஊட்டுவது. வத்தளையோ ஒருபுறம் கடலும் மறுபுறம் முத்துராஜவெல சதுப்பு நிலமும் சூழ்ந்த ஊர். இங்கே நடுப்பகலில் 70 அளவுக்கு இறங்கும் ஈரப்பதன் இரவிலே 90ஐ நெருங்கிவிடும். நம்முடைய பெட்டியின் தொழில் மிகுந்த ஈரத்தைத் தடுப்பது. கைந்நூல் பொய் சொல்லவில்லை. அது வேறோர் ஊருக்கு எழுதப்பட்டது.

மீண்டும் தொடங்கினேன். இம்முறை ஐயா சாய்மனைக் கதிரையிலிருந்து மேற்பார்வை செய்தார்.

முதலாவது, வாசனை. புகையிலை அயலிலுள்ள மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. பூச்சியுருண்டை மணம் போகுமட்டும் பெட்டியை நிழலிலே மூன்று வாரம் திறந்து வைத்தோம். உட்புறத்தை அரத்தாளால் தேய்த்தோம். வார்னிஷ் பூசவில்லை, பூசினால் மரம் ஈரத்தை வாங்கவும் மாட்டாது, விடவும் மாட்டாது.

இரண்டாவது, உட்பலகை. மேல்நாட்டார் இதற்கு விரும்புவது 'ஸ்பானிய சிடார்'. இது ஸ்பெயினுக்கும் உரியதன்று, சிடார் இனமும் அன்று. அமெரிக்க வெப்பநாடுகளில் வளர்வது. நமது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து மஹோகனியும் இவ்வேலைக்கு ஏற்றது. நமது நாட்டிலே நட்டு வளர்க்கப்படும் பேரிலை மஹோகனியைத்தான் ஹொண்டுராஸ் மஹோகனி என்றும் சொல்வார்கள். மொரட்டுவையிலே நன்கு காய்ந்த கால் அங்குலப் பலகை வாங்கி, பசையின்றி இறுக்கமாகப் பொருத்தினோம்.

மூன்றாவது, மூடி. இரவிலே விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, எரியும் டோர்ச் லைற்றைப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். கருகிய மூலையிலே ஒளிக்கோடு ஒன்று தெரிந்தது. அதனைச் செதுக்கிப் புதுக்கட்டை வைக்கலாம் என்றேன். "அதிலை கை வையாதை" என்றார் ஐயா. உட்புறத்திலே மெல்லிய மரச்சட்டம் ஒன்றை ஓட்டி இடைவெளியை அடைத்தோம். கருக்கு அப்படியே இருக்கிறது.

நான்காவது, ஈரமானி. கடையிலே வாங்கும் கருவியை அப்படியே நம்பலாகாது. ஒரு சிறு மூடியிலே சமையலுப்பை இட்டு, சேறுபோலாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியுடன் ஒரு கண்ணாடிப் போத்தலில் அடைத்து ஓரிரவு வைத்துவிடுங்கள். உள்ளே ஈரப்பதன் 75இல் வந்து நிற்கும். கருவி 80 காட்டினால், அது ஐந்து கூட்டிச் சொல்லுகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். என் மாணவர்களுக்கு இச்சோதனை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஐந்தாவதுதான் ஐயாவின் கடை இரகசியம். வெயில் நாளில் பதினொரு மணிக்கு மூடியைத் திறந்து, மூன்று மணிக்குள் மூடிவிட வேண்டும். கடையிலே அவர் இதைத் தவறாது செய்வாராம். உலர்ந்த வேளையிலே மரம் தன் ஈரத்தை வெளிவிடுகிறது. மூடியபின் உள்ளிருக்கும் சிறிதளவு காற்றை அம்மரமே கட்டியாளுகிறது. மழை விடாத நாட்களில் மட்டும் திறவாமல், சிலிக்கா மணிகள் நிறைந்த சிறு பையொன்றை உள்ளே வைக்கிறோம். ஈரமானி இப்பொழுது 68க்கும் 71க்கும் இடையிலே நிற்கிறது.

புகையிலை வண்டு ஒன்றுதான் மிச்சம். நம் நாட்டு வெப்பத்திலே அதன் முட்டை எளிதிற் பொரிக்கும். சுருட்டிலே ஊசித்துளை கண்டால் அதன் வேலையென்று அறியலாம். புதிதாக வரும் கட்டுகளை இரட்டைப் பொலித்தீன் பையிலே கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் ஐந்து நாளும், கீழ்த்தட்டில் ஒரு நாளும் வைத்தபின்பே பெட்டிக்கு மாற்றுகிறோம். சடுதியில் வெளியே எடுத்தால் இலை வெடிக்கும்.

இவ்வளவும் சொன்னபின் ஓர் உண்மையை மறைத்தலாகாது. எங்கள் வீட்டில் எவரும் சுருட்டுப் புகைப்பதில்லை. புகையிலை உயிருக்குத் தீங்கு என்பதில் ஐயமில்லை. ஐயாவும் வைத்தியர் சொற்படி எப்பொழுதோ நிறுத்திவிட்டார். நண்பகலிலே மூடியைத் திறப்பார், கட்டுகளை எண்ணுவார், சற்று நேரம் மணத்தை முகர்வார், மூடுவார். அவ்வளவுதான்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு 1961இல் நகைச்சுவை நடிகர் மில்டன் பேர்ள் பரிசளித்த சுருட்டுப் பெட்டி, 1996இல் நியூயோர்க் ஏலத்திலே 574,500 டொலருக்கு விலைபோயிற்று. மரத்துக்கா அந்த விலை? வைத்திருந்தவருக்கும் கொடுத்தவருக்குமே அந்த விலை. எங்கள் பெட்டியை ஏலத்தில் விட்டால் நூறு ரூபாவுக்கும் கேட்பாரில்லை. விடுவதாகவும் இல்லை.

சென்ற சித்திரையில் பேக்கரி முதலாளி பேரனின் தோளைப் பிடித்தபடி வந்தார். ஐயா அவரைப் பெட்டியருகே அழைத்துச் சென்று, தாமே மூடியைத் திறந்தார். மணம் அறையெங்கும் பரவிற்று. அவர் ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே உருட்டிப் பார்த்து, "கடைச் சரக்கு மாதிரியே இருக்கு, முதலாளி" என்றார். அவருக்கும் வைத்தியர் தடை போட்டிருக்கிறார். பற்றவைக்காமல் சட்டைப் பையிலே செருகிக்கொண்டார்.

அன்றிரவு ஐயா இரண்டு இடியப்பம் கூடுதலாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.