ஃபுல் கவர் உண்டு சாரே!

வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் நம்ம சொந்தங்களுக்கும், அவர்களைக் கூப்பிட ஏர்போர்ட்டுக்குப் போகும் என்னைப் போன்றவர்களுக்கும் இது. கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். பொறுத்துக்குங்க.

நான் சேலத்துக்காரன். வங்கி வேலை தூக்கிப் போட்டதில் திருவனந்தபுரத்துக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு. வீட்டம்மாவுக்கு நாகர்கோவில். அதனால் வளைகுடாவில் இருக்கும் அவங்க பக்கத்து ஆட்கள் எல்லோரும் வந்து இறங்குவது இங்கேதான். இறங்கியதும் முதல் கேள்வி, "அத்தான், ஓட்ட ஒரு வண்டி கிடைக்குமா?"

போன வருஷம் மச்சினன் துபாயிலிருந்து வந்தான். நாலு நாளைக்கு வண்டி வேணும். முறையான கம்பெனியில் நாளைக்கு 3,000 ரூபாய் சொன்னார்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருத்தர் 2,200-க்குத் தருவதாகச் சொன்னார். வெள்ளை நம்பர் பிளேட் வண்டி. இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டேன். "ஃபுல் கவர் உண்டு சாரே, ஒரு குழப்பமுமில்லா" என்றார். நானும் தலையாட்டினேன். 20 வருஷமா அடுத்தவன் கடன் பத்திரத்தை வரி வரியாப் படிக்கிற பி.காம். பட்டதாரி!

மூணாம் நாள் பாலராமபுரம் ஜங்ஷன் நெரிசலில் முன்னால் நின்ற ஆட்டோவை இடித்தான். ஆட்டோக்காரருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. வண்டி ஓனருக்குப் போன் போட்டோம். அடிபட்டவர் எப்படி இருக்கார்னு அவர் கேட்கவில்லை. அவர் சொன்னது இதுதான்: "யார் கேட்டாலும் ஃப்ரெண்டுன்னு சொல்லுங்க. வாடகைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

ஃபுல் கவர் உள்ள வண்டிக்கு எதுக்குங்க பொய்?

மீதிக் கதையைக் கடைசியில் சொல்றேன். முதல்ல இந்த "ஃபுல் கவர்" என்கிற வார்த்தையை உரிச்சுப் பார்ப்போம். என்னைக் கேட்டால் வாகன இன்சூரன்ஸில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது.

வாடகைக் காரில் இரண்டு கணக்கு உண்டு. ஒண்ணு, வண்டிக்கு ஆகும் சேதம். இன்னொண்ணு, உங்களால் மற்றவருக்கு ஆகும் சேதம், அதாவது மூன்றாம் நபர் பொறுப்பு. இரண்டும் வேற வேற. ஒண்ணு இருந்தா இன்னொண்ணும் இருக்குன்னு அர்த்தமில்லை.

வண்டிச் சேதத்தில் வருவதுதான் டிடக்டிபிள். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, வளைகுடா பக்கம் எக்ஸஸ் என்பார்கள். சேதத்தில் முதல் இத்தனை ரூபாய் உங்க தலையில், அதுக்கு மேலதான் அவங்க. எக்ஸஸ் 4,000 டாலர்னு வச்சுக்குங்க. சேதம் 3,000 ஆனால் முழுசும் உங்களுது. 12,000 ஆனால் 4,000 உங்களுது, பாக்கி 8,000 அவங்களுது. நாள் வாடகையைக் குறைச்சுக் காட்டும் இடங்களில் பல நேரம் இந்த எக்ஸஸ் பெரிசா இருக்கும். அதைக் குறைக்கத்தான் கவுண்டரில் தினசரிக் கட்டணம் கேட்பார்கள். அதைக் கட்டினாலும் டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம் சேர்ந்ததான்னு தனியாக் கேட்கணும். பல ஒப்பந்தங்களில் அவை விலக்கு. ஒப்பந்தத்தில் பெயரில்லாத ஆள் ஓட்டினாலோ, குடிச்சுட்டு ஓட்டினாலோ, எக்ஸஸ் கணக்கே செல்லாது. மொத்தச் சேதமும் நம்ம தலையில்தான். "நான் களைச்சுட்டேன், நீ கொஞ்சம் ஓட்டு"ன்னு மனைவியிடம் சாவி கொடுக்குமுன் இதை யோசிங்க.

அமெரிக்காவில் கவுண்டரில் விற்கும் சிடிடபிள்யூ, எல்டிடபிள்யூ எல்லாம் இன்சூரன்ஸே இல்லை. "வண்டிச் சேதத்துக்கு உன்னிடம் வசூலிக்க மாட்டேன்" என்று வாடகைக் கம்பெனி தரும் ஒப்பந்தச் சலுகை, அவ்வளவுதான். நீங்க யாரையாவது இடித்தால் அது ஒரு டாலர் தராது. அதுக்கு லயபிலிட்டி தனி. கலிபோர்னியாவையே எடுத்துக்குங்க. சட்டப்படி வேண்டிய குறைந்தபட்ச லயபிலிட்டி 2025 ஜனவரி 1-க்குப் பிறகுதான் ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000, சொத்துக்கு 15,000 என்று ஏறியது. அதற்கு முன் 15,000, 30,000, 5,000. அமெரிக்க ஆஸ்பத்திரி பில் பார்த்தவர்களுக்கு இந்தத் தொகை எத்தனை நாள் தாங்கும்னு தெரியும்.

"என் கிரெடிட் கார்டிலேயே கவர் இருக்கே" என்பார்கள். கார்டு விற்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் சொல்றேன், கேளுங்க. அமெரிக்கக் கார்டுகளில் வரும் அந்த வசதி பெரும்பாலும் வண்டிச் சேதத்துக்கு மட்டும்தான், மூன்றாம் நபருக்கு இல்லை. வாடகை முழுசையும் அதே கார்டில் கட்டணும், கவுண்டரின் சிடிடபிள்யூவை மறுக்கணும் என்று நிபந்தனைகள் உண்டு. சில நாடுகளையும் சில வகை வண்டிகளையும் ஒதுக்கி வைக்கும் கார்டுகளும் உண்டு. நம்மூர் கார்டில் 'டிராவல் இன்சூரன்ஸ்'னு போட்டிருப்பதைப் பார்த்து அதே வசதின்னு நினைச்சுக்காதீங்க. வெளிநாட்டுப் பயண பாலிசியில் 'பர்சனல் லயபிலிட்டி'ன்னு ஒரு வரி இருக்கும். அதன் விலக்குப் பட்டியலில் மோட்டார் வாகனத்தால் வரும் பொறுப்பு பெரும்பாலும் இருக்கும். அதையும் படிங்க.

இதெல்லாம் நம்ம ஆட்களுக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் என் கோபமே. இதே மச்சினன் துபாயில் வண்டி எடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுப்பான், எக்ஸஸ் எத்தனை திர்ஹாம்னு கேட்பான். சின்னக் கீறலுக்கும் போலீஸ் ரிப்போர்ட் வாங்குவான், ஏன்னா அங்கே ரிப்போர்ட் இல்லாமல் கேரேஜில் வண்டியைத் தொட மாட்டார்கள். அதே ஆள் திருவனந்தபுரத்தில் இறங்கியதும் நம்பர் பிளேட்டைக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஊர்ச் சட்டத்துக்கு மரியாதை, நம்ம ஊர்ச் சட்டத்துக்கு "அட்ஜஸ்ட்" பண்ணிக்கலாம். அப்படித்தானே?

இங்கே சட்டம் என்ன? நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவரோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து சொந்த உபயோகத்துக்கு. சொந்தக் கார் பாலிசியிலேயே 'வாடகைக்கோ கூலிக்கோ பயன்படுத்தக் கூடாது' என்ற வரி இருக்கிறது. அதை மீறினால் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மைக் கம்பெனி மறுக்கலாம். மூன்றாம் நபர் வழக்கிலும், பர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு விட்டதாகச் சொல்லித் தன் பொறுப்பை மறுக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. கோர்ட் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லலாம். ஓனர் யாரைத் தேடி வருவார்? ஸ்டியரிங் பிடித்த ஆளையும் வழக்கில் சேர்ப்பார்கள், மறந்துடாதீங்க.

2024 டிசம்பர் 2 இரவு ஆலப்புழை களர்கோட்டில் நடந்தது நினைவிருக்கா? 11 மருத்துவ மாணவர்கள் போன டவேரா கேஎஸ்ஆர்டிசி பஸ்ஸில் மோதியது. முதலில் ஐந்து பேர், சில நாளில் இன்னொருவர், ஆறு பிள்ளைகள் போய்விட்டார்கள். அது தனியார் பதிவு வண்டி. நட்புக்குக் கொடுத்ததா, வாடகைக்கா என்பது விசாரணையில் பெரிய கேள்வியானது. வாடகைக்குத்தான் என்று மோட்டார் வாகனத் துறை கண்டறிந்தது. தனியார் வண்டிகளை வாடகைக்கு விடுவது சட்டவிரோதம் என்று அந்த மாதமே துறை எச்சரித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் 'வாடகையா நட்பா' என்ற கேள்வி வந்து உட்காருவதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

"அம்பது வண்டி வச்சிருக்கிறவனுக்குத்தான் லைசென்ஸ்னு சட்டம் சொன்னா, சின்ன ஆள் எப்படிப் பிழைப்பான்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1989-இல் வந்த ரெண்ட் எ கேப் திட்டம் குறைந்தது 50 வண்டி கேட்கிறது. அது மாறணும்னு நானும் சொல்றேன். ஆனா சட்டம் மாறும் வரைக்கும் அந்த ஓட்டையில் விழுவது ரோட்டில் போகும் யாரோ ஒருத்தர். கறுப்புப் பலகை வண்டி கிடைக்கலையா, டிரைவரோடு டாக்சி எடுங்க. நாகர்கோவில் என்ன, நிலாவுக்கா போறோம்? :-)

சரி, எங்க கதைக்கு வருவோம். நாங்க பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையும் சொல்லவில்லை. போலீசுக்கே போகாமல் பேசி முடித்தோம். ஆஸ்பத்திரிக்கு 42,000, ஆட்டோவுக்கு 18,500, கார் பம்பர், ரேடியேட்டர் வகையில் 61,000. ஆக 1,21,500 ரூபாய். நாலு நாள் வாடகையில் மிச்சம் பிடித்தது 3,200.

பணம் போனது எனக்கு உறுத்தலை. அந்த ஆட்டோக்காரர் இரண்டு மாசம் வண்டி ஓட்டலை. முறையான வண்டியா இருந்திருந்தால் ரிப்போர்ட் எழுதி, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சம்பள இழப்புக்கும் சேர்த்து அவர் கேட்டிருக்கலாம். காயத்துக்கும் உயிருக்கும் தரும் மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கு நம்ம நாட்டில் உச்சவரம்பு கிடையாது. எவ்வளவு நல்ல சட்டம் பாருங்க! அதை அவருக்குக் கிடைக்காமல் செய்தது நாங்கள்தான். அவர் கையெடுத்துக் கும்பிட்டு "பரவாயில்ல சாரே" என்றார். அந்தக் கும்பிடு இன்னும் என்னைத் தூங்க விடலை.

அதனால், சாவி வாங்குமுன் மூணே கேள்வி. பலகை என்ன நிறம்? வண்டிச் சேதத்தில் என் பங்கு எத்தனை, எதெல்லாம் விலக்கு? நான் இடித்தால் அடிபட்டவருக்கு யார், எவ்வளவு கொடுப்பார்? பதில் எழுத்தில் இருக்கணும். கூடவே உங்க இந்திய லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டதான்னும் பாருங்க. அஞ்சு வருஷமா ஊர்ப் பக்கம் வராதவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கணும்.

"ஃபுல் கவர் உண்டு"ன்னு வாயால் மட்டும் சொன்னால், கும்பிட்டுட்டு அடுத்த ஆளைப் பாருங்க.

டிஸ்கி: எங்க வங்கியிலும் இன்சூரன்ஸ் டார்கெட் உண்டு. இதை எழுதியதால் அதில் ஒரு பாலிசி கூட ஏறாது. நிம்மதியா நம்பிப் படிக்கலாம்.